போர்க்காலப் பயிற்சித் தளத்தில் விபத்தில் இறந்த விமானியைப் போரில் இறந்தவர் என்று சொல்லலாமா?

சொல்லலாம், சொல்லவும் வேண்டும். உங்கள் குடும்பத்தில் யாரோ இப்படி இறந்திருக்க வேண்டும், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில், பிரண்டன் நகரில் வசிப்பவன். இங்குள்ள விமான நிலையம் இரண்டாம் உலகப் போரில் பயிற்சித் தளமாக இருந்தது. விமானங்களை நிறுத்திவைத்த பழைய ஹாங்கர் (கொட்டகை) இன்று அருங்காட்சியகம். போரில் மாண்ட கனடிய விமானப் படையினரின் பெயர்களைப் பயிற்சியில் இறந்தவர்களையும் சேர்த்து அங்கே கருங்கல்லில் பொறித்திருக்கிறார்கள். ரொறன்ரோவிலிருந்து வந்த சித்தப்பாவை அழைத்துப்போனபோது, "பழகும்போது விழுந்தவனும் வீரனா, தம்பி?" என்று கேட்டார். இரவுச் சாப்பாடு வரை அவரோடு வாதாடினேன்.

பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நான்கும் 1939 டிசம்பரில் செய்த விமானப் பயிற்சி உடன்பாட்டின்படி 1,31,000க்கும் மேற்பட்டோர் கனடாவில் பயிற்சி முடித்தார்கள். விமானிகளோடு வழி கணிப்பவர், வானொலி இயக்குபவர், குண்டு வீசுபவர், துப்பாக்கி ஏந்துபவர் என எல்லோரும் இதில் அடக்கம். விமானிகள் மீசை அரும்பும் வயதில் டைகர் மாத் என்ற சிறு பயிற்சி விமானத்தில் தொடங்கி, சில வாரங்களிலேயே ஹார்வர்டு விமானத்துக்கோ இரட்டை இயந்திர ஆன்சன் விமானத்துக்கோ மாறினார்கள். பனி மூடிய இந்தச் சமவெளியில் இரவில் தரை எது, வானம் எது என்று பிரித்தறிவதே கடினம். போர் அவசரப்படுத்தியிராவிட்டால் அந்தப் பையன்கள் அந்த இருட்டில் பறந்திருக்கவே மாட்டார்கள்.

ஒட்டாவாவின் அப்லாண்ட்ஸ் தளத்தில் பயின்ற இளங்கவிஞர் ஜான் கில்லெஸ்பி மகீயை எடுத்துக்கொள்ளுங்கள். 1941 டிசம்பரில் இங்கிலாந்து வானில் அவருடைய ஸ்பிட்ஃபயர் போர் விமானமும் ஒரு பயிற்சி விமானமும் மோதின. இரு விமானிகளும் இறந்தார்கள், இருவருக்கும் வயது 19. ஒருவரை வீரர் என்றும் மற்றவரை மாணவர் என்றும் எப்படிப் பிரிப்பது?

போரைப் புகழ்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். விமானச் சத்தம் கேட்டாலே பதுங்குகுழிக்கு ஓடி வளர்ந்தவன் நான். இங்கே பயின்றவர்கள் ஜெர்மன் நகரங்களின்மேல் குண்டு போட்டதையும் மறக்கவில்லை. அதைத் தனியே விவாதிக்கலாம். அதற்காக இறந்தவனின் பெயரைக் கல்லிலிருந்து நீக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோ உறவினர்களுக்கு நயாகராவோடு கனடா முடிந்துவிடுகிறது. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் 2,000 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும், போகிறோம். இங்கே வரச் சொன்னால் மட்டும், "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்கிறார்கள். வந்த ஒரே ஆள் சித்தப்பாதான்.