ஸ்பானிஷ் நோட்டிஸில் 'ஸே' எங்கே வரும்?

அறுகம்பையில் சிறிய விடுதி நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஸ்பெயினிலிருந்து அலைச்சறுக்க வருகிறவர்களுக்காக எங்கள் ஆங்கில நோட்டிஸை ஸ்பானிஷில் மாற்றினேன். 'செல்ஃப்' வந்த இடத்தில் மட்டும் 'ஸே' போட்டேன். பாதி பிழை என்கிறார் ஒரு விருந்தினர். எப்படித் திருத்துவது?"

ஸே என்பது, செயல் செய்கிறவரிடமே திரும்புவதையோ தானாக நடப்பதையோ காட்ட வினையோடு சேரும் சிறு சொல். முதலில், ஹிம்செல்ஃப், யோர்செல்ஃப் என்று வரும் செல்ஃபைத் தேடுவதை விடுங்கள். ஆங்கிலத்தில் செல்ஃப் இல்லாத இடங்களில்தான் ஸ்பானிஷில் ஸே அதிகம் வரும்.

'வாஷ் யோர் ஃபீட்' என்பதை 'லாவே சுஸ் பியேஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். விளங்கும், ஆனால் வழக்கு 'லாவெஸே லோஸ் பியேஸ்'. யாருடைய கால் என்பதை ஸே சொல்லிவிடுவதால் 'உங்கள்' தேவையில்லை. நாமும் 'காலைக் கழுவிக்கொண்டு வாங்க' என்றுதானே சொல்கிறோம்?

அடுத்து, 'இஃப் த கீ பிரேக்ஸ்'. ஸே இல்லாமல் 'சி லா யாவே ரொம்பே' என்றால், சாவி எதையோ உடைக்கிறது என்று நிற்கும். 'ஸே ரொம்பே' என்று வர வேண்டும். ஆங்கிலத்துக்கு இரண்டும் 'பிரேக்'தான். தமிழில் உடைந்தால் வேறு, உடைத்தால் வேறு. 'உடைந்தால்' வருகிற இடத்தில் பெரும்பாலும் ஸே வரும். ஆகவே முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் நிதானமாகக் கவனியுங்கள். 'த ஓனர் ஹிம்செல்ஃப் குக்ஸ்' என்ற வரிக்கு 'எல் துவேஞோ ஸே கொசீனா' என்று போட்டிருக்கிறீர்கள். முதலாளி தன்னையே சமைக்கிறார் என்று பொருள் வந்துவிட்டது! இந்த ஹிம்செல்ஃப் வெறும் அழுத்தம். 'எல் துவேஞோ மிஸ்மோ கொசீனா' என்று எழுதுங்கள். சமைப்பவர் பெண் முதலாளி என்றால் 'லா துவேஞா மிஸ்மா'. தமிழில் 'முதலாளியே சமைக்கிறார்' என்று ஆளின் பெயரில் ஏகாரம் ஏறினால் அது மிஸ்மோ. ஹிம்செல்ஃபுக்குத் தமிழில் 'தன்னை' என்று சொல்ல வேண்டி வந்தால்தான் ஸே. விலைப்பட்டியல், விளம்பரம் எல்லாவற்றிலும் இந்தப் பிழையைப் பார்க்கிறேன். 'என்ஜோய் யோர்செல்ஃப்' என்பதற்கும் 'திஸ்ஃப்ரூத்தே' போதும், அங்கே ஸே கிடையாது.

இதையெல்லாம் காசு கொடுத்துச் செய்விக்கலாம் என்று நினைத்தால், கவனம். எந்த மொழியானாலும் ஒரு மணித்தியாலத்தில் தருகிறோம் என்கிற கடைகள் சில, ஃபோன் ஆப்பில் போட்டெடுத்துப் பக்கக் கணக்கில் வாங்குகின்றன. 'இந்த வரியில் ஏன் ஸே?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். சீல் குத்தித் தருகிறோம் என்பார்கள். உங்கள் வாசல் நோட்டிஸுக்குச் சீல் எதற்கு? சுற்றுலாவை வளர்ப்போம் என்று கூட்டத்துக்கு மேல் கூட்டம் வைக்கிறவர்கள், கரையோர விடுதிக்காரருக்கு நான்கு ஸ்பானிஷ் வரியைச் சரியாக எழுதித் தந்தால் இந்தக் கடைகளுக்கு என்ன வேலை? எனக்குப் பொறுமை போய்விட்டது.

பலகையில் பெயின்ட் அடிக்குமுன் இன்னொன்று. 'லாவெஸே' ஒருவருக்குச் சொல்வது. பொது நோட்டிஸில் 'லாவார்ஸே லோஸ் பியேஸ்' என்றே போட்டுவிடுங்கள், ஒருவரா பலரா என்ற கேள்வியே வராது.