அப்லாபா: பேசுவேனா, பேசிக்கொண்டிருந்தேனா?

ஸ்பானிய மொழியின் இறந்தகாலத்தில் 'இன்பெர்ஃபெக்தோ' (பழைய வழக்கத்தையும், அப்போது நடந்துகொண்டிருந்ததையும் சொல்லும் வடிவம்) என்ற ஒரு பகுதியைப் பற்றி மட்டும் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. நடுவில் வரும் 'ப'வை 'கோபம்' என்று சொல்லும்போது வருவதுபோல மென்மையாக வாசித்துக்கொள்ளுங்கள்.

கே: அக்கா, மொத்தம் எத்தனை பட்டியல் மனப்பாடம் பண்ணணும்?

இரண்டே இரண்டு. 'அப்லார்' என்றால் பேசு. கடைசி 'ஆர்' போய்விடும். யோ (நான்) அப்லாபா, தூ (நீ) அப்லாபாஸ், எல் (அவன்) அப்லாபா, நோசோத்ரோஸ் (நாங்கள்) அப்லாபாமோஸ், வொசோத்ரோஸ் (நீங்கள்) அப்லாபாயிஸ், எய்யோஸ் (அவர்கள்) அப்லாபான். 'கோமேர்' (சாப்பிடு), 'விவிர்' (வாழ்) இரண்டுக்கும் ஒரே விகுதிகள்: கோமீயா, கோமீயாஸ், கோமீயா, கோமீயாமோஸ், கோமீயாயிஸ், கோமீயான். வொசோத்ரோஸ் வடிவம் ஸ்பெயினில்தான் புழங்குகிறது. லத்தீன் அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் அதைப் பார்த்தால் புரிகிற அளவுக்குத் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

எழுதும்போது அழுத்தக்குறியை விட்டுவிடாதீர்கள். 'ஈயா' வரும் ஒவ்வொரு வடிவத்திலும் அந்த 'ஈ'யின் மேல் குறி உண்டு. 'ஆபா' வகையில் அப்லாபாமோஸுக்கு மட்டும்தான்.

கே: நிகழ்காலத்தில் வேர் மாறுகிற வினைகள் இங்கேயும் மாறுமா?

மாறாது. பென்சார் (நினை) நிகழ்காலத்தில் 'பியென்சோ', இங்கே சாதுவாகப் 'பென்சாபா'. தோர்மிர் (தூங்கு) 'துவேர்மோ' ஆகும், இங்கே 'தோர்மீயா'. ஒழுங்கை மீறுபவை மூன்றே வினைகள்: செர் (இரு; எரா), இர் (போ; இபா), வெர் (பார்; வெயீயா). ஸ்பானியத்தில் இவ்வளவு ஒழுங்கான காலம் வேறு எங்கே கிடைக்கும்!

கே: எல்லாமே நடந்து முடிந்ததுதானே? எப்போது 'அப்லே' (பேசினேன்), எப்போது 'அப்லாபா' என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இதற்கு ஆங்கில வழியாகப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். தினமும் போனதற்கும் ஒரு தடவை போனதற்கும் ஆங்கிலத்தில் ஒரே வினைவடிவம் போட்டுவிடலாம். பேச்சுத் தமிழில் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. இதைப் பாருங்கள்:

"சின்ன வயசில் லீவு விட்டால் தாத்தா வீட்டுக்குப் போவோம். கிணற்றில் குளிப்போம். ராத்திரி மொட்டை மாடியில் படுப்போம். ஒரு தடவை நான் கிணற்றுக்குள் விழுந்துட்டேன்."

போவோம், குளிப்போம், படுப்போம் என்பவற்றின் உருவம் எதிர்காலம், பொருளோ பழைய வழக்கம். கேட்கிற யாரும் 'நாளைக்கா போகப் போகிறீர்கள்?' என்று கேட்பதில்லை. 'ஒரு தடவை' என்றதும் வினை தானாக 'விழுந்துட்டேன்' என்று மாறிவிடுகிறது. ஸ்பானியக்காரர் மாறுவதும் அதே இடத்தில்தான்: இபாமோஸ் (போவோம்), தோர்மீயாமோஸ் (தூங்குவோம்), ஆனால் மே காயீ (விழுந்தேன்). வாக்கியத்தைப் பேச்சுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். வாயில் 'வேன், வோம், வாங்க' வந்தால் பெரும்பாலும் இன்பெர்ஃபெக்தோ.

'கொண்டிருந்தேன்' வந்தாலும் அதேதான். 'கோமீயா குவாந்தோ சோனோ எல் தெலேஃபோனோ' என்றால், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சாப்பாடு பின்னணி, போன் சம்பவம். தமிழில் இரண்டு வடிவம் செய்கிற வேலையை அங்கே ஒன்றே பார்த்துக்கொள்கிறது.

இன்னொரு அழகு 'தெரியும்'. "எனக்கு அப்பவே தெரியும்" என்றால் 'யா லோ சபீயா'. "நேத்துதான் தெரிஞ்சுது" என்றால் 'லோ சூப்பே அயேர்'. தெரிந்திருந்த நிலை ஒன்று, தெரியவந்த கணம் இன்னொன்று.

கே: லீமாவில் மூன்று வருடம் இருந்தேன். நீண்ட காலம்தானே என்று 'விவீயா' எழுதினேன், தப்பு என்று திருத்திவிட்டார்கள்.

சரியாகத்தான் திருத்தியிருக்கிறார்கள், தம்பி. நீளம் இங்கே கணக்கில்லை. 'மூன்று வருடம்' என்று வேலி போட்டுவிட்டீர்கள், அதனால் 'விவீ'. தமிழிலும் 'இருந்தேன்' என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? 'நான் லீமாவில் இருந்தபோது' என்று பின்னணியாகச் சொன்னால் 'குவாந்தோ விவீயா என் லீமா'. 'தினமும்' என்ற சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். "மூன்று வருடம் தினமும் நடந்தேன்" என்பதற்குக் 'காமினே', "அப்பல்லாம் தினமும் நடப்பேன்" என்பதற்குக் 'காமினாபா'.

கே: 'அப்போது எனக்குப் பத்து வயது' என்பதை எப்படிச் சொல்வது?

தமிழ் கைவிடுகிற இடம் இது. நம் வாக்கியத்தில் வினையே இல்லை, அவர்களுக்கு வேண்டும்: 'தெனீயா தியேஸ் ஆஞோஸ்'. வயதும் மணியும் இறந்தகாலத்தில் இன்பெர்ஃபெக்தோவில்தான் வரும். மணி மூன்று என்பது 'எரான் லாஸ் த்ரேஸ்'. பத்து வயது நிறைந்த நாளைச் சொல்வதானால் வேறு வினை, 'கும்ப்லீ'. ஒரு எச்சரிக்கை: ஆஞோஸில் உள்ள 'ஞ'வை 'ந' ஆக்கிவிடாதீர்கள். உடம்பில் சபையில் சொல்லக்கூடாத இடத்தின் பெயர் அது.

கே: நானும் 'அப்லாபா', அவனும் 'அப்லாபா' என்றால் யார் பேசினார் என்று எப்படித் தெரியும்?

இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். குழப்பம் வரும் என்றால் 'யோ', 'எல்' சேர்த்துவிடுங்கள். நிகழ்காலத்திலும் 'அப்லே' வகை இறந்தகாலத்திலும் தமிழைப் போலவே விகுதி சொல்லிவிடும்.

கே: 'நிறையப் பேர் இருந்தார்கள்' என்பதற்கு 'அபீயான்' சரியா?

'அபீயா முச்சா ஹெந்தே'. 'இருந்தது, இருந்தன, இருந்தார்கள்' எல்லாவற்றுக்கும் 'அபீயா' ஒன்றே. 'அபீயான்' என்று லத்தீன் அமெரிக்காவில் பலர் பேசக் கேட்பீர்கள். பரீட்சையில் எழுதினால் மார்க் போகும்.

கே: மெக்சிகோ பாடப் புத்தகத்தில் இதைக் 'கோப்ரெதேரிதோ' என்கிறார்கள். வேறு காலமா?

அதேதான். 1492-இல் ஸ்பானிய இலக்கணம் எழுதிய நெப்ரிஹா இதை 'முடிவடையாத இறந்தகாலம்' என்ற பொருளில் அழைத்தார். 1847-இல் இலக்கண அறிஞர் அந்த்ரேஸ் பெய்யோ, இன்னொரு கடந்த நிகழ்வோடு கூடவே நடப்பது என்பதால் 'கோப்ரெதேரிதோ' என்றார். மெக்சிகோ பள்ளிகளில் அந்தப் பெயர் நின்றுவிட்டது. எனக்கும் அதுதான் பிடிக்கும். போன் அடித்த வாக்கியத்தை நினைத்துப் பாருங்கள்.

கே: கடையில் 'கெரீயா உன் கஃபே' என்றார் ஒருவர். நேற்றைய காப்பியா கேட்டார்?

இப்போதைய காப்பிதான். 'கியேரோ' (வேண்டும்) என்று நிகழ்காலத்தில் சொன்னால் கொஞ்சம் அதட்டலாக இருக்கும் என்று காலத்தைப் பின்னுக்குத் தள்ளிப் பணிவாகக் கேட்கிறார். வீட்டுக்கு வந்தவர் எதிரே உட்கார்ந்துகொண்டே "உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன்" என்று இழுப்பாரே, அதே நாசூக்கு.