புதிதாக ரைஃபிள் வாங்கியவர் தானே அதைக் கழற்றி மாற்றங்கள் செய்யலாமா, கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்)தான் கொடுக்க வேண்டுமா?

தாராளமாக நீங்களே செய்யலாம். அதுவும் நீங்கள் வாங்கியிருப்பது ருகர் 10/22. கை வைத்துப் பழக இதைவிடத் தோதான ரைஃபிள் அமெரிக்காவில் கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

டெக்சாஸ் என்று சொல்லியிருக்கிறீர்கள். சொந்த வீடு, கராஜில் ஒரு மேஜை, வாரக்கடைசியில் கொஞ்சம் நேரம், "உனக்கு எதுக்குடா இந்த வேலை" என்று கேட்க நாலு நண்பர்கள். இதெல்லாம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கிரீன் கார்டும் வந்திருக்கும் என்று நம்புகிறேன். எச்1பி விசாவில் இருந்தால், வேட்டை லைசென்ஸ் போன்ற விதிவிலக்கு ஏதாவது இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். அப்படியென்றால் ஸ்டாக் (தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டை), ட்ரிகர் எல்லாம் அப்புறம், முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

துப்பாக்கி என்ற சொல்லைக் கண்டதுமே புத்தி சொல்ல வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று இவர் கேட்கவில்லை. வாங்கிவிட்டார், அதைப் பூட்டி வைக்கவும் தெரிந்திருக்கும். டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டுவைத்தால் அதற்கென்றே சட்டப்பிரிவு இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் கொடி பிடிக்கும் ஆசை எதுவும் இல்லை. சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போய் காகித இலக்கைச் சுட்டுவிட்டு வருகிற ஆள், அவ்வளவுதான்.

என் கதைக்கு வருகிறேன். என்னுடையதும் 10/22தான், அடகுக்கடையில் வாங்கிய பழைய கார்பைன், அதாவது குழல் குட்டையான வகை. உள்ளே எல்லாம் சுத்தம். மர ஸ்டாக் மட்டும் பார்க்கச் சகிக்காது. மேலே கெட்டியான பளபள வார்னிஷ், அடியில் ஊரெல்லாம் இடிபட்ட பள்ளங்கள். பக்கத்து ஊரில் ஒரு கன்ஸ்மித் கடைக்கு எடுத்துப் போனேன். ஸ்டாக்கைச் சீர் செய்ய, ட்ரிகரை இலகுவாக்க என்று அவர் சொன்ன கூலி, ரைஃபிளுக்கு நான் கொடுத்த விலையையே நெருங்கியது. காத்திருப்போர் பட்டியல் வேறு, எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாதாம். அதுகூடப் பரவாயில்லை. "நானே செய்தால் என்ன?" என்று கேட்டதற்கு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கள் கம்ப்யூட்டர் வேலைதானே?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்கு எங்கே வலித்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அப்பா கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் பட்டறையில் டர்னர். சொந்தக்காரர் கல்யாணத்தில் "பையன் என்ன பண்றான்" என்று கேட்டு, இன்ஜினியரிங் என்று பதில் வந்ததும், "நல்லவேளை, உங்களை மாதிரி கிரீஸில் கை வைக்க வேண்டியதில்லை" என்று அப்பாவின் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அப்பா சிரித்துக்கொள்வார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். கையால் வேலை செய்வதைக் கீழாகப் பார்க்கும் நம்மவர்களும், கம்ப்யூட்டர்காரனுக்குக் கையே கிடையாது என்று நினைக்கும் அந்தக் கன்ஸ்மித்தும் என் கணக்கில் ஒரே கட்சி. (எல்லா கன்ஸ்மித்தும் அப்படி என்று சொல்லவில்லை. தங்கமான ஆட்களும் இருக்கிறார்கள். சண்டைக்கு வராதீர்கள்.)

ரைஃபிளை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

10/22 ஏன் தோது என்று சொல்கிறேன். 1964 முதல் விற்பனையில் இருக்கும் மாடல். உதிரி பாகம் செய்து விற்கிறவர்கள் எக்கச்சக்கம். ஸ்டாக்கைப் பிடித்திருப்பது அடியில் ஒரே ஒரு ஸ்க்ரூ, கார்பைன் என்றால் முன்பக்கம் பேரலையும் (குழல்) ஸ்டாக்கையும் சேர்த்துப் பிடிக்கும் பேண்டில் இன்னொன்று. ட்ரிகர் கூடு மொத்தமும் இரண்டு குறுக்கு பின்களில் நிற்கிறது. பேரலை ரிசீவரோடு (மற்ற பாகங்கள் வந்து பொருந்தும் நடு உடல்) இறுக்குவது ஒரு வி-பிளாக்கும் இரண்டு ஆலன் ஸ்க்ரூவும். மத்தியச் சட்டம் துப்பாக்கி என்று கணக்கில் எடுப்பது சீரியல் நம்பர் அடித்த ரிசீவரை மட்டும்தான். அதனால் ஸ்டாக், ட்ரிகர் போன்ற பாகங்கள் சாதாரண பார்சலாக வாசலுக்கே வந்துவிடும்.

கழற்றுவதற்கு முன்னால் தோட்டாப் பெட்டியை வேறு அறைக்கு எடுத்துப் போங்கள். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, முன்னும் பின்னும் நகரும் போல்ட்டைப் பின்னால் இழுத்து, தோட்டா போய் உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் பாருங்கள், சுண்டுவிரலாலும் தடவிப் பாருங்கள். நேற்று ராத்திரிதான் பார்த்தேனே என்பதெல்லாம் செல்லாது. அடுத்தது ஸ்க்ரூ டிரைவர். வீட்டு டிரைவரின் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். திருகும்போது மேலே வழுக்கி ஸ்க்ரூவின் காடியைக் கடித்துக் குதறிவிடும். துப்பாக்கி வேலைக்கென்றே நுனி இரண்டு பக்கமும் இணையாகக் கடைந்த டிரைவர் செட் விற்கிறார்கள். காடியின் அகலத்துக்கும் கனத்துக்கும் கச்சிதமாக உட்காரும். அப்பா இதைப் பட்டறையில் வாய் ஓயாமல் சொல்வார், சரியான சாவி இல்லாமல் நட்டைத் தொடாதே என்று. பின்களைத் தட்ட பித்தளைப் பஞ்ச், கழற்றியதைப் போட்டுவைக்க காந்தக் கிண்ணம். கராஜ் தரையில் ஒரு பின் உருண்டு ஓடினால் அது வாஷிங் மெஷினுக்கு அடியில்தான் போய் நிற்கும்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஸ்க்ரூவையெல்லாம் கழற்றிவிட்டு இழுத்தாலும் ரிசீவர் ஸ்டாக்கை விட்டு வராது. சிலர் பலத்தைக் காட்டி மரத்தையே பிளந்துவிடுவார்கள். சேஃப்டி பொத்தான் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு மரத்தில் இடிப்பதுதான் காரணம். ஹேமர் (தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தி) ஏறிய நிலையில் சேஃப்டியை இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் நட்டநடுவில் நிறுத்துங்கள். பேரல் பக்கம் பிடித்து மெல்லத் தூக்கினால் அலுங்காமல் வந்துவிடும். திரும்ப மாட்டும்போதும் இதே கதைதான்.

மர வேலையில்தான் எனக்கு நிஜமான சுகம். வார்னிஷை ஸ்ட்ரிப்பர் பூசி வழித்தெடுத்தேன். பிறகு பள்ளங்கள். பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, பள்ளத்தின் மேல் போட்டு, நல்ல சூட்டில் இஸ்திரிப் பெட்டியின் முனையை வைத்தேன். உஸ் என்று ஆவி கிளம்பியது. துணியை எடுத்துப் பார்த்தால் பள்ளம் பாதி மேலே வந்திருக்கிறது. திரும்ப நனைத்து, திரும்ப வைத்து, கடைசியில் விரலால் தடவினால்கூட எங்கே இருந்தது என்று தெரியவில்லை. அடிபட்ட இடத்தில் மரத்தின் நார் அமுங்கித்தான் கிடக்கிறது, ஆவி புகுந்ததும் உப்பி எழுந்துகொள்கிறது. நார் அறுந்துபோன கீறல் மட்டும் இதற்கு மசியாது. அதை உப்புத்தாளால் தேய்த்துத்தான் ஆக வேண்டும். முதலில் 220 நம்பர் தாள், பிறகு 320. நடுவில் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, எழும்பும் பிசிறையும் தேய்த்துவிடுங்கள். எண்ணெய்க்கு, கடையில் கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெய் என்று டப்பாவில் விற்பது போதும். மெல்லிசாகத் தேய்த்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒரு நாள் காயவிடுங்கள். பொறுமை இருக்கிறவரை இதையே திரும்பத் திரும்பச் செய்யலாம். ஈரப்பசை போல் ஒட்டினால் அதிகம் பூசிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இந்த முழு வேலையிலும் நான் பயப்படும் ஒரே பொருள் அந்த எண்ணெய்த் துணிதான். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும். துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துப் போட்டுக் காயவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முக்கி மூடிவைக்க வேண்டும்.

நான் வேலியில் விரித்துப் போட்டேன். அடுத்த வாரமே எங்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து கடிதம். வேலியில் துணி உலர்த்துவது விதிமீறல், புகைப்படம் இணைப்பு. புகைப்படத்தில் என் அரை வேட்டி. தீ விபத்து வராமல் இருக்கத்தான் என்று பதில் எழுதினேன். அதைப் படித்த மாதிரியே தெரியவில்லை, இரண்டாவது கடிதத்தில் அபராதம் என்ற வார்த்தை வந்தது. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த ஊரில் ஒரு ஆள் சட்டப்படி வீட்டில் ரைஃபிள் வைத்திருக்கலாம், அதைத் தானே கழற்றி மாட்டலாம், ஆனால் சொந்த வேலியில் ஒரு துணி காயப்போட முடியாது. வருஷா வருஷம் சந்தாவை ஏற்றுகிறார்கள், நீச்சல் குளத்தில் பாதி நாள் பூட்டுத் தொங்குகிறது, என் வீட்டுக் கதவுக்கு என்ன கலர் அடிக்கலாம் என்பதற்கு மட்டும் கமிட்டி கூடுகிறது. சரி, விடுங்கள்.

ஸ்டாக் முடிந்ததும் போல்ட் பஃபர். தொழிற்சாலையிலிருந்து வரும் ரைஃபிளில் போல்ட் பின்னால் வந்து மோதுவது ஒரு எஃகு பின்னில். ஒவ்வொரு சூட்டுக்கும் டணார் என்று ஒரு சத்தம். அதை எடுத்துவிட்டு பாலியூரித்தேன் பின்னைச் செருகினால் சத்தம் அடங்கிவிடும். விலையும் அற்பம், மாற்றுவதும் சுலபம். ட்ரிகருக்கு, ருகர் நிறுவனமே விற்கும் பிஎக்ஸ் ட்ரிகரை வாங்குங்கள். பழைய கூட்டை இரண்டு பின்னோடு கழற்றிவிட்டு இதை அப்படியே மாட்டலாம். பழையது இழுக்க ஐந்தாறு பவுண்டு விசை கேட்கும், இது மூன்றுக்குள் முடித்துவிடும். எனக்கு ஸ்கோப்பைவிட இதில்தான் குறி நன்றாகத் திருந்தியது. ஸ்கோப் மாட்டும்போது ஸ்க்ரூவைக் கைக்கணக்கில் இறுக்காமல் இன்ச்-பவுண்டு காட்டும் டார்க் டிரைவர் வைத்து இறுக்குங்கள். ஸ்கோப் உட்காரும் ரயிலின் ஸ்க்ரூவுக்கு, தானாகத் தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது.

எங்கே கை வைக்கக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. ட்ரிகரை இலகுவாக்க சியர் (ஹேமரைப் பிடித்து நிறுத்தும் பாகம்), ஹேமர் இவற்றின் கொக்கியை அரத்தாலோ கல்லாலோ தேய்க்கிற வீடியோக்கள் நிறைய வருகின்றன. தொடாதீர்கள். அங்கே ஒரு மயிரிழை கோணல் மாறினாலும் கீழே தட்டும்போது வெடிக்கலாம், சேஃப்டி போட்டிருந்தாலும் நம்ப முடியாது. பேரலின் வாய், சேம்பர் இவையும் கன்ஸ்மித் வேலை. பேரலை வெட்டிக் குட்டையாக்கும் ஆசையும் வேண்டாம். ரைஃபிள் பேரல் 16 அங்குலத்துக்கோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்கோ கீழே போனால் 1934ஆம் வருஷத்து தேசியத் துப்பாக்கிச் சட்டத்தில் வந்து விழும். முன்கூட்டிப் பதிவு செய்யாமல் செய்தால் சிறை. அந்தப் பதிவோடு கட்ட வேண்டியிருந்த 200 டாலர் வரியை 2026 முதல் எடுத்துவிட்டார்கள் என்பதை வைத்து, பதிவே வேண்டாம் என்று நண்பர் யாராவது அடித்துவிடுவார். வரிதான் போனது, பதிவு அப்படியே இருக்கிறது. நாளைக்கு வேலை மாறி கலிஃபோர்னியாவுக்கோ நியூ ஜெர்சிக்கோ போனால் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினைக் கூட எடுத்துப் போகாதீர்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் காலி ரைஃபிளில் சேஃப்டி வேலை செய்கிறதா, ட்ரிகரை விட்டதும் அது பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று சோதித்துவிட்டு ரேஞ்சுக்குப் போங்கள். முதல் முறை மேகசினில் ஒரே ஒரு தோட்டா, அடுத்து இரண்டு. அது ஒழுங்காகப் போனால்தான் முழு மேகசின்.

உங்கள் ஸ்டாக் மரமா பாலிமரா என்று எழுதவில்லை. பாலிமர் என்றால் எண்ணெய்க் கதையை மறந்துவிட்டு நேராக பஃபரில் தொடங்குங்கள், கழற்றி மாட்டப் பழகிய பிறகு ட்ரிகரை ஆர்டர் செய்யலாம். மரம் என்றால் துணியைப் பின்பக்கத் தோட்டத்தில், தெருவுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து விரித்துப் போடுங்கள்.