வெப்ப அலை நேரத்தில் அலெட்ச் பனியாற்றில் நடக்கலாமா?

கேள்வி: ஆகஸ்டில் சுவிட்சர்லாந்து போகிறோம். யுங்ஃப்ராவ்யோக் மலை ரயில் நிலையத்தில் இறங்கி, வழிகாட்டியோடு அலெட்ச் பனியாற்றில் இரண்டு நாள் நடக்கப் பதிவு செய்திருக்கிறோம். அந்த வாரம் கடும் வெயில் என்றால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டுமா?

பதில்: ஒரு வார வெயிலில் அலெட்ச் காணாமல் போகாது. அதன் கிளைகள் ஒன்றுசேரும் கொன்கார்டியாபிளாட்ஸில் அதன் தடிமன் சுமார் 800 மீட்டர். மாறுவது மேற்பரப்பு. உங்கள் கால் படுவதும் அங்கேதான்.

ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. பனிக்கட்டி உருக ஏறத்தாழ 3 மெகாஜூல் வெப்பம் வேண்டும். மேகமில்லாத கோடை நாளில் அதே பரப்பில் 25 மெகாஜூல் வெயில் விழலாம். புதுப்பனி அதில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். அழுக்கேறிய வெற்றுப் பனிக்கட்டி 30 சதவீதம் திருப்பினாலே அதிகம். வெயிலால் மட்டுமே ஒரு நாளைக்கு 5 செ.மீ. இறங்கிவிடும். அதனால் குளிர்காலத்தில் எவ்வளவு பனி பெய்தது என்பதையும் விசாரியுங்கள். 2022-இல் அந்தப் பனி குறைவு, மார்ச்சில் சஹாரா தூசி வேறு படிந்தது, பிறகு வெப்ப அலைகள். சுவிஸ் பனியாறுகள் அந்த ஓராண்டில் தம் கன அளவில் சுமார் 6 சதவீதத்தை இழந்தன.

வானிலை அறிக்கையில் ஊரின் வெப்பநிலையை விட்டுவிட்டு, பூஜ்ஜிய டிகிரி எந்த உயரத்தில் என்று பாருங்கள். 2023 ஆகஸ்டில் அது 5,298 மீட்டர் வரை ஏறியது. ஆல்ப்ஸின் மிக உயர்ந்த மோன் பிளாங் சிகரத்தையும் தாண்டிய உயரம்! கூடவே இரவு மேகமூட்டத்தையும் பாருங்கள். பலர் இதைக் கவனிப்பதில்லை. தெளிந்த இரவில் பனி தன் வெப்பத்தை வானத்துக்கு இழப்பதால், காற்று பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் மேற்பரப்பு உறையும். மேகம் மூடினால் உறையாது. காலையிலேயே கால் புதையும்.

உங்கள் பாதையில் முக்கிய ஆபத்து யுங்ஃப்ராவ்யோக்கிலிருந்து கொன்கார்டியாபிளாட்ஸ் வரையிலான மேல்பகுதி. அங்கே பிளவுகளைப் பனிப்பாலங்கள் மூடியிருக்கும். இரவில் உறைந்த பாலம் காலையில் ஆளைத் தாங்கும். அதே பாலம் நண்பகலில் இளகி உள்ளே விழக்கூடும். கயிறு கட்டாமல் ஓரடிகூட வைக்கக் கூடாது. கீழ்ப்பகுதியில் பனி விலகி, பிளவுகள் கண்ணுக்குத் தெரியும். காலணியில் மாட்டும் முள் பட்டையான கிராம்பான் போதும், ஆனால் பிற்பகலில் உருகுநீர் ஓடைகள் பெருகும், ஓரங்களில் கற்கள் உருளும். பக்கச் சரிவுகளில் தொங்கும் பனிக்கட்டிகளுக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம். 2022 ஜூலை 3 அன்று இத்தாலியின் மார்மொலாடா மலையில் இடிந்து 11 பேரைக் கொன்றது அப்படிச் சரிவில் இருந்த பனிதான். அலெட்சின் நடுப்பகுதி அவ்வளவு செங்குத்து அல்ல.

இரவு தங்கும் கொன்கார்டியா குடிலுக்கு ஏறத் தெம்பை மிச்சம் வையுங்கள். 1877-இல் கட்டும்போது பனிக்கு மேலே சுமார் 50 மீட்டரில் இருந்தது. பனி அதன் பிறகு வெகுவாக இறங்கிவிட்டதால் இன்று நூற்றுக்கணக்கான இரும்புப் படிகள் ஏற வேண்டும்.

இன்னொரு சிக்கல் ரயில். முதல் வண்டி யுங்ஃப்ராவ்யோக்குக்கு வரவே காலை எட்டு மணிக்கு மேலாகிவிடும். வெப்ப அலை நாளில் பனியில் நடக்கத் தொடங்க அது தாமதமான நேரம். முந்தைய இரவு அருகிலுள்ள மென்ஷ்யோக் குடிலில் தங்கினால் விடியலில் கிளம்பலாம். தொடர்ந்து இரண்டு இரவுகள் பனி உறையவில்லை என்றால், மேல்பகுதியை விட்டுவிட்டு கீழ்ப்பகுதியின் ஓரத்தில் உள்ள மேரியலன் பக்கமிருந்து வெற்றுப் பனிக்கட்டியில் ஒருநாள் நடைக்கு மாற்றித் தரும்படி வழிகாட்டியிடம் கேளுங்கள். பணம் கட்டும் முன்பே இந்த மாற்றத்துக்கு ஒப்புக்கொள்வார்களா என்று பேசிவிடுவது நல்லது.