பட்டறிவைக் கேட்டறிதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நோயோடும் பராமரிப்போடும் வாழ்பவர்கள் சொல்வதைக் கேட்டு ஆராயும் பண்புசார் ஆய்வு குறித்து வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: செவிலியர் முதுநிலைப் படிப்புக்காக, முடக்குவாதத்தோடு பல ஆண்டுகளாக வாழும் 14 பேரை நேர்காணல் செய்திருக்கிறேன். "பதினாலு பேரை வைத்துக்கொண்டு எதை நிரூபிக்கப் போகிறாய்?" என்று துறையில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– முதுநிலை மாணவி ஒருவர்

பதில்: நிரூபிப்பது உங்கள் வேலை அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடக்குவாதம் உள்ளவர்களில் எத்தனை விழுக்காட்டினருக்குக் காலையில் மூட்டுகள் இறுகிக்கொள்கின்றன என்பது கேள்வியானால் 14 பேர் போதாது. நூற்றுக்கணக்கானோர் வேண்டும், அவர்களையும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும். சட்டைப் பொத்தானைப் போட முடியாத ஒருவர் அந்த உதவியை யாரிடம் கேட்கிறார், கேட்கக் கூசினால் என்ன செய்கிறார், பொத்தான் இல்லாத உடைக்கு மாறிக்கொண்டதற்கு வீட்டில் என்ன காரணம் சொல்கிறார் என்பது கேள்வியானால், ஆயிரம் பேர் நிரப்பிய படிவத்திலும் விடை கிடைக்காது. படிவத்தைத் தயாரித்தவருக்கே அப்படி ஒரு கேள்வி உண்டு என்பது தெரிந்திருக்காது.

நீங்கள் எடுத்துக்கொண்ட நோயிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. பிரிட்டிஷ் சமூகவியலாளர் மைக்கேல் பியூரி 1982இல் வெளியிட்ட கட்டுரை, முடக்குவாதத்துக்கு ஆளான 30 பேரின் நேர்காணல்களிலிருந்து பிறந்தது. நாள்பட்ட நோய் உடலைத் தாக்குவதோடு நிற்பதில்லை, ஒருவர் தம் வாழ்க்கை இப்படித்தான் போகும் என்று மனத்தில் எழுதி வைத்திருந்த கதையையே முறித்துவிடுகிறது என்றார் அவர். அதுவரை யோசிக்காமல் செய்துவந்த செயல்கள் யோசித்துச் செய்ய வேண்டியவையாகின்றன. "எனக்கு ஏன், இப்போது ஏன்" என்ற கேள்வி எழுகிறது. உதவி பெறுவதும் தருவதும் உறவுகளின் கணக்கை மாற்றுகின்றன. அந்த 30 பேரிடமிருந்து வந்த கருத்து நாற்பது ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது, திருத்தப்பட்டும் வருகிறது. முதுமையில் பக்கவாதம் கண்டவர்கள் சிலர் அதை முறிவாகக் கருதாமல், எதிர்பார்த்திருந்த ஒன்று வந்து சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வதைப் பின்வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். அத்தகைய திருத்தத்தையும் நெருங்கி அமர்ந்து கேட்டவர்களால்தான் செய்ய முடிந்தது.

எத்தனை பேர் போதும் என்பதற்கு எல்லோரும் 12 என்ற எண்ணை எடுத்து நீட்டுகிறார்கள். கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் ஆகிய மூவர் 2006இல் வெளியிட்ட கட்டுரையே அதற்கு ஊற்று. கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களைத் திரும்ப ஆராய்ந்தபோது, பெரும்பாலான கருத்துகள் முதல் 12 நேர்காணல்களுக்குள்ளேயே வந்துவிட்டதைக் கண்டார்கள். ஆனால் பேசியவர்கள் ஒத்த சூழலில் உள்ளவர்கள், கேட்ட கேள்விகளும் ஏறத்தாழ ஒன்றே என்ற நிபந்தனையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது, மருந்துச் சீட்டில் அளவை மட்டும் படிப்பது போன்றது. கேள்வி எவ்வளவு குறுகியது, பேசியவர்கள் அதற்கு எவ்வளவு பொருத்தமானவர்கள், உரையாடல் எவ்வளவு ஆழமாக நடந்தது என்பவற்றைப் பொறுத்தே எண்ணிக்கை கூடவும் குறையவும் வேண்டும். ஆகவே "14 போதும்" என்று வாதாடாதீர்கள். அந்த 14 பேர் யார், யார் யார் வராமல் போனார்கள் என்பதற்கு ஆய்வேட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். புறநோயாளிப் பிரிவுக்கு நடந்து வர முடிந்தவர்களிடம் மட்டுமே பேசியிருந்தால், வர முடியாதவர்களின் வாழ்க்கை உங்கள் ஆய்வில் இல்லை. தேர்வாளர் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அவர் கேட்கும் முன் நீங்களே எழுதிவிடுங்கள்.

கேள்வி: முப்பது ஆண்டுகளாக மருத்துவம் பார்க்கிறேன். நோயாளிகள் நினைவுப் பிழையோடும் மனத்தாங்கலோடும் சொல்வதைத் தொகுத்து ஆய்வு என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கதைக்கும் சான்றுக்கும் வேறுபாடு வேண்டாமா?
– பொது மருத்துவர் ஒருவர்

பதில்: வேண்டும் ஐயா. அந்த வேறுபாட்டைப் பேணாத பண்புசார் ஆய்வுகளும் நிறைய வருகின்றன. ஐந்து பேர் சொன்னதில் தமக்குப் பிடித்த வாக்கியங்களைப் பொறுக்கி, மேற்கோள் குறிக்குள் அடுக்கி முடித்துவிடுகிறார்கள். அவற்றின் மீதான தங்கள் சலிப்பில் எனக்கும் பங்கு உண்டு.

ஆயினும் நினைவுப் பிழை என்ற வாதத்தைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு நோயாளி மூன்று மணி நேரம் காத்திருந்ததாகச் சொல்கிறார், பதிவேடு ஒன்றரை மணி நேரம் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். காத்திருப்பு நேரத்தை அளப்பதுதான் நோக்கமென்றால் பதிவேட்டைப் பாருங்கள், அவரைக் கேட்காதீர்கள். அந்தக் காத்திருப்பு ஏன் அவருக்கு இரு மடங்காக நீண்டது என்று ஆராய்பவருக்கோ, அவர் சொன்ன "மூன்று மணி நேரம்" பிழையன்று, தரவு. எவரும் எதுவும் சொல்லாமல் உட்கார வைத்திருந்தார்களா, பக்கத்தில் இருந்தவரின் பெயர் முன்னதாக அழைக்கப்பட்டதா, முடிவு என்னவாக இருக்கும் என்ற அச்சமா என்று அங்கிருந்து விசாரணை தொடங்கும்.

ஒருவர் சொன்ன கதை ஆய்வாக மாறுவதற்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஆட்களை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்ல வேண்டும். பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுத்தாக்க வேண்டும். கேட்டவர் மருத்துவரா, உறவினரா, வெளியாளா என்பது பேச்சை எப்படி வளைத்திருக்கும் என்று எழுத வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, நாம் கண்டுபிடித்ததாக நினைப்பதற்கு ஒத்துவராத நேர்காணலைத் தேடிப் பிடித்து, அதற்கும் இடம் தரும்படி விளக்கத்தைத் திருத்த வேண்டும். கடைசியாகச் சொன்னதைச் செய்யாத ஆய்வை நானும் கதை என்றே சொல்வேன்.

இந்தக் கட்டுப்பாட்டோடு செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம். அமெரிக்க மருத்துவமனைகளில் இறக்கும் தறுவாயில் இருந்தவர்களைச் சுற்றி நடப்பதைப் பார்த்தும் கேட்டும் பதிவு செய்த கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள், தங்கள் முடிவுகளை 1965இல் நூலாக வெளியிட்டார்கள். நோயாளிக்குத் தம் முடிவு தெரியாத நிலை, அவர் சந்தேகிக்கும் நிலை, அனைவருக்கும் தெரிந்தும் தெரியாததுபோல் இரு தரப்பும் நடிக்கும் நிலை, வெளிப்படையாகப் பேசும் நிலை என்று நான்கைப் பிரித்துக் காட்டினார்கள். மூன்றாவது நிலையில் நோயாளியும் குடும்பமும் செவிலியரும் எப்படிப் பேச்சை மாற்றுகிறார்கள், நடிப்பு கலைந்துவிடாமல் எப்படி ஒருவரையொருவர் காக்கிறார்கள் என்பதைத் தாங்கள் முப்பது ஆண்டுகளில் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்! எந்த ஆய்வகப் பரிசோதனையிலும் அது தெரியவராது.

இன்னொரு செய்தியும் தங்களுக்கு ஆர்வமூட்டலாம். பெக்மன், ஃபிராங்கெல் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில் 74 மருத்துவச் சந்திப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டார்கள். நோயாளி தொடக்கத்தில் சொல்ல வந்ததை முழுதும் சொல்லி முடித்தது 23 விழுக்காடு சந்திப்புகளில்தான். மற்றவற்றில் பெரும்பாலானவற்றில் மருத்துவர் சராசரியாக 18 வினாடிகளில் குறுக்கிட்டார். நோயாளிகள் கோர்வையாகச் சொல்வதில்லை என்ற குறைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் அல்லவா?

மருத்துவ இதழ்களிலும் இந்தச் சச்சரவு ஓய்ந்தபாடில்லை. பண்புசார் ஆய்வுகளுக்கு முன்னுரிமை இல்லை என்று திருப்பி அனுப்பிய பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்கு 2016இல் 11 நாடுகளைச் சேர்ந்த 76 மூத்த ஆய்வாளர்கள் திறந்த மடல் எழுதினார்கள். மறுபுறம், உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் மகப்பேற்றுப் பராமரிப்புக்கு வெளியிட்ட வழிகாட்டி, பெண்கள் பிரசவத்தில் எதை மதிக்கிறார்கள் என்று அவர்களே சொன்னவற்றையும் சான்றாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: மறதி நோயுள்ள என் தாயாரை ஆறு ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். பராமரிப்பாளர்களின் அனுபவத்தை ஆராய்வதாகச் சொல்லி ஒருவர் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார். போகலாமா? சொன்னது வெளியே போய்விடுமோ என்று தயக்கமாக இருக்கிறது.
– வாசகி ஒருவர்

பதில்: தயங்குவது சரிதான் அம்மா. முதலில் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். யார் ஆய்வு செய்கிறார், எந்த அறநெறிக் குழு அனுமதி தந்தது, ஒலிப்பதிவு எங்கே, எவ்வளவு காலம் இருக்கும் என்பவை அதில் இருக்க வேண்டும். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருக்கலாம், நடுவிலேயே எழுந்து வரலாம், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மறுத்ததால் தாயாரின் சிகிச்சை பாதிக்கப்படாது என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். பின்னால் மனம் மாறினால் பேச்சை நீக்கச் சொல்லவும் உரிமை உண்டு. பகுப்பாய்வில் கலந்துவிட்ட பிறகு நீக்குவது கடினம் என்பதால், அதற்குக் கடைசி நாள் எது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயரை மாற்றுவார்கள். ஆனால் பெயர் மாறினாலும், இத்தனை பிள்ளைகள், இன்ன வேலையை விட்டேன், அண்ணன் வெளிநாட்டில் என்று மூன்று விவரங்கள் சேர்ந்துவிட்டால் உறவினருக்கு உங்களை அடையாளம் தெரிந்துவிடும். எந்த விவரத்தை மாற்ற வேண்டும் என்று நீங்களே சொல்லலாம். தாயார் இருக்கும் அறையில் நேர்காணல் வேண்டாம். அவருக்குப் புரியாது என்று நாம் நினைப்பது எப்போதும் சரியாக இருப்பதில்லை. அவர் எதிரில் நீங்களும் உண்மையைப் பேச மாட்டீர்கள்.

இதனால் உங்களுக்கு நேரடிப் பயன் கிடைக்குமா என்றால், பெரும்பாலும் கிடைக்காது. கேட்பவர் ஆய்வாளர், ஆலோசகர் அல்லர். பேசிய பிறகு அன்றிரவு உறக்கம் வராமலும் போகலாம். பயன் பிறருக்குப் போகும். இங்கிலாந்தில் ஆன் மெக்ஃபெர்சன், ஆண்ட்ரூ ஹெர்க்ஸ்ஹைமர் என்ற இரு மருத்துவர்கள், தாமே நோயாளிகளாக இருந்தபோது தம்மைப் போன்றவர்களின் பட்டறிவைக் கேட்க இடமில்லாததை உணர்ந்து, நோய்வாரியாக நேர்காணல்களைத் தொகுத்து 2001இல் இணையத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு நோய்க்கும் இயன்றவரை வேறுபட்ட நிலைமைகளில் உள்ளவர்களைத் தேடிச் சேர்ப்பது அவர்கள் வழக்கம். நோயின் பெயரை நேற்றுத்தான் கேட்ட ஒருவர் அங்கே தம்மைப் போன்ற ஒரு குரலைக் கேட்கிறார். உங்கள் ஆறு ஆண்டுகளுக்கும் அப்படி ஒரு காது காத்திருக்கலாம். போவதும் போகாததும் உங்கள் விருப்பம்.

கேள்வி: நேர்காணல்களைக் கணினி நிரலில் போட்டால் கருப்பொருள்களை அதுவே பிரித்துக் கொடுத்துவிடுமா?
– ஆய்வு உதவியாளர் ஒருவர்

பதில்: என்விவோ, அட்லஸ் போன்ற நிரல்கள், பேச்சின் பகுதிகளுக்கு அவற்றின் பொருளைச் சுட்டி நீங்கள் இட்ட குறிகளை ஒழுங்காக அடுக்கி, கேட்டதும் எடுத்துத் தரும் அலமாரிகள். எதற்கு எந்தக் குறி என்பதை முடிவு செய்ய நீங்கள் வேண்டும். புதிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சுருக்கம் எழுதித் தரும். பங்கேற்றவர் அதற்கு இசைவு தந்தாரா என்று பார்க்காமல் அவருடைய பேச்சை அவற்றில் ஏற்றாதீர்கள்.

கேள்வி: மருத்துவமனைப் பராமரிப்பு பற்றிய நேர்காணலுக்கு மூன்று கேள்விகள் எழுதியிருக்கிறேன். 1. மருத்துவமனையில் உங்களை அலட்சியமாக நடத்தினார்களா? 2. பராமரிப்பு எப்படி இருந்தது? 3. கடைசியாக மருத்துவமனைக்குப் போன நாளை, வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து சொல்லுங்கள். திருத்தித் தர முடியுமா?
– சமூகப்பணி மாணவர் ஒருவர்

பதில்: முதல் கேள்வியை அடித்துவிடுங்கள், பதிலை நீங்களே எழுதி வைத்துக்கொண்டு கையெழுத்து மட்டும் கேட்கிறீர்கள்.

இரண்டாவது கேள்வியில் குற்றமில்லை, ஆனால் அதற்கு வரப்போகும் பதில் எனக்கு இப்போதே தெரியும்: "பரவாயில்லை." தமிழில் இந்த ஒரு சொல் நன்று, சுமார், பொறுத்துக்கொண்டேன், இதைப் பற்றிப் பேச வேண்டாம் ஆகிய நான்கையும் குறிக்கும். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், படுக்கையிலிருந்த கணவரைப் பார்த்துக்கொண்ட ஒரு மூதாட்டியிடம், வீட்டுக்கு வந்து போகும் செவிலியரைப் பற்றிக் கேட்டேன். "பரவாயில்லை" என்றார், "திருப்தி" என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். பிறகு ஒலிப்பதிவை எழுத்தாக்கும்போதுதான் கேட்டது: அந்தச் சொல்லுக்குப் பின் அவர் மேலும் பேசுவதற்காக மூச்சை இழுக்கிறார், என் குரல் அதன் மேல் ஏறி உட்காருகிறது. அடுத்த முறை போனபோது, "போன தடவை பரவாயில்லைன்னு சொன்னீங்களே, அதைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். வெகு நேரம் கழித்துச் சொன்னார்: "அவங்க வந்தா அவரைத்தான் பாப்பாங்க. அது சரிதான். நான் கதவைத் திறந்துவிடுறவ." "திருப்தி" என்ற குறியை அழித்து, அந்த இடத்தில் "கதவைத் திறந்துவிடுபவள்" என்று அவர் சொல்லையே எழுதினேன். அதன் பிறகு மற்ற நேர்காணல்களைத் திரும்பப் படித்தபோது, கதவைத் திறந்துவிடுபவர்கள் இன்னும் சிலர் அங்கே இருந்தார்கள்.

ஆகவே இரண்டாவது கேள்வியைக் கேட்பதானால், அதன் கீழே "எதை நினைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?" என்ற துணைக்கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவதை ஒரு சொல்லும் மாற்றாமல் முதல் இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.