விற்றது ஆயிரம், வந்தது 976: நுகர்வோர் கேள்வி-பதில்

போன முறை கார்டு கட்டணத்தைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதன் பலன், இந்த முறை வாங்குகிறவர்களைவிட விற்கிறவர்களின் கடிதங்கள்தான் அதிகம். நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன். கோபத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

கேள்வி: வீட்டிலிருந்தபடி பெட்ஷீட், டவல் விற்கிறேன். சொந்த வெப்சைட் உண்டு. ஆயிரம் ரூபாய் ஆர்டருக்கு வங்கியில் 976 ரூபாய் 40 காசுதான் ஏறுகிறது. ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் நிறுவனம், கட்டணம் 2 சதவீதம் என்றுதானே சொன்னது?
(வாசகி, கரூர்)

பதில்: 2 சதவீதம்தான். அது 20 ரூபாய். அந்த 20 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 3 ரூபாய் 60 காசு. வரி தனி என்பதைப் பொடி எழுத்தில் எங்கோ போட்டிருப்பார்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த 3.60-ஐ உள்ளீட்டு வரியாக, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் போனது போனதுதான். பெரிய கடைக்குத் திரும்பி வருவது உங்களைப் போன்றவர்களுக்கு வராது.

ஆனால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். 2,000 ரூபாய் வரையிலான கார்டு பரிவர்த்தனையின் பணத்தைச் சேர்ப்பிக்கும் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள பேமெண்ட் அக்ரிகேட்டர்களுக்கும் (வாடிக்கையாளரின் பணத்தை வாங்கி உங்களிடம் சேர்ப்பிக்கும் நிறுவனங்கள்) அது பொருந்தும் என்று 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் தெளிவுபடுத்தியது. வெறும் தொழில்நுட்ப வேலை மட்டும் செய்கிற கேட்வேக்கு அது கிடையாது. பேச்சில் இரண்டையும் 'கேட்வே' என்றே சொல்கிறோம். உங்கள் நிறுவனம் எந்த வகை, பில்லில் எதற்கு வரி போடுகிறது என்று மெயிலில் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

இன்னொன்று. கட்டணத்தை விற்பனை விலையோடு ஒப்பிட்டு 'ரெண்டு பர்சென்ட்தானே' என்று இருக்காதீர்கள். ஆயிரம் ரூபாய் பெட்ஷீட்டில் உங்களுக்கு நிற்பது 120 ரூபாய் என்றால், 23.60 என்பது உங்கள் லாபத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மறுபடி மறுபடி வாங்குகிற பழக்கமான வாடிக்கையாளர்களுக்கு உங்கள் வங்கியின் வணிக க்யூஆர் அனுப்புங்கள். யுபிஐக்கு வணிகரிடம் எம்டிஆர் (பரிவர்த்தனைக் கட்டணம்) வாங்கக்கூடாது என்பது 2020 ஜனவரி 1 முதல் நடைமுறை. ஆயிரத்துக்கு ஆயிரமும் வரும்.

கேள்வி: பாத்திரக் கடையில் கார்டு நீட்டினால் 2 சதவீதம் சேர்த்துக் கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?
(வாசகர், சென்னை)

பதில்: டெபிட் கார்டு என்றால் வேண்டாம். அந்தக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது, வங்கிகள் இதை உறுதிசெய்ய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. பில்லை வாங்கி, அந்தக் கடைக்கு மெஷின் கொடுத்த வங்கிக்குப் புகார் அனுப்புங்கள். கிரெடிட் கார்டு என்றால் பேரம் பேசுங்கள், அல்லது யுபிஐயில் கொடுங்கள். கடைக்காரருக்கும் அதுதான் லாபம்.

கேள்வி: பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் வந்தது. பார்சலை அனுப்பிவிட்டேன். பணம் வரவே இல்லை.
(வாசகர், சிவகாசி)

பதில்: சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்து புகார் பதியுங்கள். இனிமேல் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு பார்சல் கட்டுங்கள். ஸ்கிரீன்ஷாட் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

கேள்வி: சுங்குடி சேலை விற்கிறோம், நானும் அக்காவும். ராத்திரி பதினொரு மணிக்கு 1,499 ரூபாய்க்கு யுபிஐயில் ஒரு ஆர்டர். காலையில் 'வேண்டாம், கலர் பிடிக்கல' என்று மெசேஜ். முழுப் பணத்தையும் திருப்பிவிட்டோம். கேட்வே எடுத்துக்கொண்ட 35 ரூபாய் சொச்சம் மட்டும் திரும்ப வரவில்லை. கேட்டால் 'பாலிசி' என்கிறார்கள். விற்காத சேலைக்கு எதற்குக் கட்டணம்?
(வாசகி, சின்னாளப்பட்டி)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. 1,499-க்கு 2 சதவீதம் 29.98. வரி 5.40. மொத்தம் 35.38. சேலை உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. பணம் வாடிக்கையாளரிடமே திரும்பப் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த விற்பனையில் சம்பாதித்த ஒரே ஆள் நடுவில் நின்றவர். வியாபாரம் நடந்தாலும் அவருக்குக் காசு, முறிந்தாலும் காசு. தரகர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பேரம் முறிந்தால் டீ குடித்துவிட்டுப் போவார்கள். இவர்கள் டீக்கும் பில் போடுகிறார்கள்.

அவர்கள் சொல்லும் நியாயம் எனக்குத் தெரியும்: 'பணம் வரும்போதும் எங்கள் சர்வர் வேலை செய்தது, திரும்பிப் போகும்போதும் செய்தது.' கார்டு என்றால் கொஞ்சம் ஒப்புக்கொள்ளலாம். அங்கே கார்டு கொடுத்த வங்கிக்கும் நெட்வொர்க்குக்கும் பங்கு போகிறது. உங்கள் வாடிக்கையாளர் கொடுத்ததோ யுபிஐ. அதற்கு வங்கியோ, பணப் பரிமாற்ற அமைப்பை நடத்துபவரோ கொடுப்பவரிடமும் வாங்குபவரிடமும் கட்டணம் போடக்கூடாது என்று பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 10-ஏ பிரிவு சொல்கிறது. வங்கிகள் சும்மா செய்யவில்லை. சிறு வணிகர்களிடம் நடக்கும் 2,000 ரூபாய் வரையிலான யுபிஐ பரிவர்த்தனைக்கு 0.15 சதவீதம் ஊக்கத்தொகை என்று 2024-25-க்கு மத்திய அரசு 1,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. அரசு 0.15 கொடுக்கும் வேலைக்கு, கேட்வே உங்களிடம் 'பிளாட்ஃபார்ம் கட்டணம்' என்று 2 வாங்குகிறது. வாங்கட்டும், வெப்சைட்டில் பொத்தான் வைத்துக் கொடுக்கிறார்கள், ஆர்டரோடு பணத்தைப் பொருத்திக் காட்டுகிறார்கள், அதற்கு விலை இருக்கலாம். விற்பனையே இல்லாதபோதும் அதே 2 சதவீதம் எப்படி? ஒரு நிலையான ஐந்து ரூபாய், சரி. 499 ரூபாய் துண்டை ரத்து செய்தாலும் 14,000 ரூபாய் பட்டுச் சேலையை ரத்து செய்தாலும் சர்வருக்கு ஒரே வேலைதானே? பட்டுக்கு மட்டும் சர்வர் கூடுதலாக மூச்சு வாங்குமா?

இனி, செய்யக்கூடியது. சில கேட்வேக்களில் பணம் வந்தவுடன் அது தானாகவே உங்கள் பக்கம் உறுதியாகாமல், நீங்கள் 'கேப்சர்' கொடுத்த பிறகு உறுதியாகும்படி மாற்றிக்கொள்ளலாம். கேப்சர் ஆகாத பணம் திரும்பிப் போனால் பொதுவாகக் கட்டணம் பிடிப்பதில்லை. உங்களுடையதில் அந்த வசதி இருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். இருந்தால், ராத்திரி ஆர்டர்களைக் காலையில் காபி குடித்துவிட்டு உறுதி செய்யுங்கள். நடு ராத்திரி ஆசைகள் அதற்குள் தெளிந்திருக்கும்.

'ரத்து செய்தால் 50 ரூபாய் பிடிப்போம்' என்று போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளைப் படித்துவிட்டுப் போடுங்கள். நீங்களாக ஆர்டரை ரத்து செய்தால் அதே மாதிரி ஒரு தொகையை நீங்களும் ஏற்கத் தயாராக இருந்தால் மட்டுமே வாங்குபவரிடம் ரத்துக் கட்டணம் வாங்கலாம். ஸ்டாக் தீர்ந்து நீங்கள் கைவிரிக்கும் நாளில் அந்த 50-ஐ நீங்கள் கொடுக்க வேண்டும். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

கேள்வி: நான் எப்போதும் கேஷ் ஆன் டெலிவரியில் மூன்று சைஸ் ஆர்டர் போட்டு, ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பிவிடுவேன். சில சமயம் மூடு இல்லையென்றால் மூன்றையும் வாங்காமல் விட்டுவிடுவேன். இப்போது ஒரு சின்ன கடை என்னை பிளாக் செய்துவிட்டது. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: போகலாம். போய் என்ன சொல்வீர்கள்? மூடு இல்லை என்றா? நீங்கள் கதவைத் திறக்காத பார்சலுக்குப் போக ஒரு கூரியர் கட்டணம், வர ஒரு கூரியர் கட்டணம், பணம் வசூலிக்கும் கட்டணம் தனி. எல்லாம் அந்தக் கடைக்காரர் கைக்காசு. அளவு சந்தேகமென்றால் டேப் எடுத்து மார்பையும் தோளையும் அளந்து அவருக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். பத்து ரூபாய் டேப். கடன் கொடுக்காத கடைக்காரர் மாதிரி, சிஓடி கொடுக்காமலிருக்க அவருக்கு உரிமை உண்டு.

கேள்வி: சுவாமிமலையில் வெண்கல விளக்குகள் செய்கிறோம். கனடாவுக்கு 100 டாலர் பில் அனுப்பினால் கையில் வருவது 92 டாலர் கணக்குக்குத்தான். கட்டணம் 4 சொச்சம் என்கிறார்கள், மீதி எங்கே?
(வாசகர், சுவாமிமலை)

பதில்: மீதி, டாலரை ரூபாயாக்கும் விகிதத்தில். கட்டணத்தைத் தனி வரியாகக் காட்டுவார்கள், விகிதத்தில் எடுப்பதைக் காட்ட மாட்டார்கள். பணம் வந்த அன்றைய சந்தை விகிதத்தை எழுதி வைத்து, அவர்கள் கொடுத்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். வித்தியாசம் உங்கள் கண்ணில் படும்.

சந்தைத் தளங்களில் போட்டால் கட்டணத்திலிருந்து தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். கைவினைப் பொருள்களுக்கான எட்ஸி தளம் 2022 ஏப்ரலில் விற்பனைக் கட்டணத்தை 5 இலிருந்து 6.5 சதவீதமாக்கியபோது, பல நாட்டுக் கைவினைஞர்கள் தங்கள் கடையை ஒரு வாரம் மூடிப் போராடினார்கள். கட்டணம் இறங்கவில்லை. அந்த 6.5 சதவீதம் பொருளின் விலைக்கு மட்டுமல்ல, நீங்கள் வாங்கும் அனுப்புகைக் கட்டணத்துக்கும் சேர்த்துத்தான். விளக்கு மாதிரி கனமான பொருளுக்கு இது வலிக்கும்.

பெரிய ஆர்டருக்கு நேரடி வங்கிப் பரிமாற்றம் கேளுங்கள். சின்ன ஆர்டருக்கு, எல்லை தாண்டிய பணத்துக்கென்றே ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற அக்ரிகேட்டர்கள் இருக்கிறார்கள். 2023 அக்டோபரில் இதற்கான விதிகள் வந்தன. இரண்டு மூன்று பேரிடம் 'நூறு டாலர் அனுப்பினால் என் கணக்கில் எத்தனை ரூபாய் ஏறும்' என்று ஒரே கேள்வியைக் கேளுங்கள். சதவீதத்தைச் சொன்னால் நிறுத்தி, ரூபாயில் சொல்லச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கான சான்றிதழையும் விடாமல் வாங்குங்கள், ஏற்றுமதிக் கணக்குக்கு வேண்டும். 'பொருள் வரவில்லை' என்று வாங்கியவர் கார்டு நிறுவனத்திடம் புகார் செய்தால் உங்களைக் காப்பாற்றுவது டிராக்கிங் எண் மட்டும்தான். அதில்லாமல் ஒரு குத்துவிளக்கைக்கூட அனுப்பாதீர்கள்.

கேள்வி: 'நோ காஸ்ட் இஎம்ஐ'யில் போன் வாங்கினேன். வட்டியே இல்லை என்றார்கள். ஸ்டேட்மெண்டில் வட்டி, அதற்கு ஜிஎஸ்டி, பிராசஸிங் கட்டணம் எல்லாம் வருகிறது.
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: ஜீரோ வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதிவிட்டது. வங்கி வட்டி போடத்தான் செய்யும். அந்த அளவுக்கு விலையில் முதலிலேயே தள்ளுபடி கொடுத்து ஈடுகட்டுவார்கள். வட்டி 2,000 ரூபாய் என்றால் அதன் மேல் வரும் ஜிஎஸ்டி 360 ரூபாயை யாரும் ஈடுகட்ட மாட்டார்கள். பிராசஸிங் கட்டணமும் உங்களுடையதே. என் வீட்டில் ஒரு மின்சார இட்லி குக்கர் இப்படித்தான் வந்தது. ஒன்பது மாதத் தவணை. தவணை முடிவதற்குள் அதன் ரப்பர் வளையம் முடிந்துவிட்டது. அதே கடையில் ரொக்கத்துக்குத் தள்ளுபடி இருந்ததை வீட்டுக்கு வந்து பிரசுரத்தில் படித்தேன். வாங்கும் முன் 'மொத்தமாகக் கொடுத்தால் என்ன விலை' என்று கேளுங்கள். பதில் குறைவாக இருந்தால், அதுதான் வட்டி.

கேள்வி: மரச்செக்கு எண்ணெய் விற்கிறேன். தீபாவளி சமயத்தில் ஆர்டர் எகிறியது. உடனே கேட்வே 'சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை' என்று என் பணம் 61,000 ரூபாயை நிறுத்திவிட்டது. மூன்று வாரம் ஆகிறது. மெயிலுக்கு ரோபோ பதில். கட்டணம் மட்டும் ஒழுங்காகப் பிடிக்கிறார்கள். கடலைக்காரருக்கு நான் கடன்.
(வாசகர், காங்கேயம்)

பதில்: கோபப்படுங்கள், உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. அது அவர்கள் பணம் இல்லை. அக்ரிகேட்டர் வாங்கும் பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல் எஸ்க்ரோ என்ற தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. குறை கேட்க ஒரு நோடல் அதிகாரியையும் நியமித்து, தொடர்பு விவரத்தை வெப்சைட்டில் போட வேண்டும். அந்த அதிகாரிக்குத் தேதி வாரியாக எழுதுங்கள்: எந்த ஆர்டர், எவ்வளவு, கூரியர் ரசீது, மரச்செக்கிலிருந்து வாங்கிய பில். 'ஏன் நிறுத்தினீர்கள்' என்பதோடு 'எந்த ஒப்பந்தப் பிரிவின்படி, எந்தத் தேதி வரை' என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் புகார் தளத்தில் பதியுங்கள்.

'நீ வியாபாரி, நுகர்வோர் இல்லை' என்று யாராவது சொன்னால் அசராதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துபவர் நுகர்வோர் என்ற வரையறைக்குள் வருகிறார். கேட்வே மாதிரியான சேவைக்கும் அது பொருந்துமா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்து ஆரம்பியுங்கள். அடுத்த பண்டிகைக்கு முன்னால், 'ஆர்டர் கூடும்' என்று கேட்வேக்கு ஒரு மெயில் போட்டு வையுங்கள். ஒரே கேட்வேயில் எல்லாப் பணத்தையும் விடாதீர்கள். கடலைக்காரரிடம் இந்தக் கடிதப் போக்குவரத்தைக் காட்டினால் கொஞ்சம் பொறுப்பார். பணம் வந்ததும் எழுதுங்கள், வராவிட்டாலும் எழுதுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் படம் பார்த்துத் தேக்கு ஊஞ்சல் வாங்கலாமா? பாதி விலை, முழுப் பணமும் முன்கூட்டியே.
(வாசகர், விழுப்புரம்)

பதில்: வேண்டாம். நான் அப்படி வாங்கிய 'செட்டிநாட்டு' மரப்பெட்டி ஒட்டுப்பலகை. மழைக்காலத்தில் ஏடு ஏடாகப் பிரிகிறது.

கேள்வி: இட்லிக் கடை வைத்திருக்கிறேன். யுபிஐக்குக் கட்டணம் வரப்போகிறது, வரி நோட்டீசும் வரும் என்று பக்கத்துக் கடைக்காரர் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டார். நானும் கழற்றவா?
(வாசகி, ஓசூர்)

பதில்: கட்டணம் வரப்போகிறது என்ற பேச்சை 2025 ஜூனில் நிதி அமைச்சகமே பொய் என்று மறுத்தது. நோட்டீஸ் பயம் எல்லை தாண்டி வந்தது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது, பல கடைகளில் 'ரொக்கம் மட்டும்' அட்டை தொங்கியது. வரி, விற்பனைக்கு. பணம் எந்த வழியில் வந்தாலும் விற்பனை விற்பனைதான். மாதம் எவ்வளவு வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், சொந்தக்காரர் அனுப்பும் பணத்தைக் கடைக் கணக்கில் வாங்காதீர்கள், வருட மொத்தம் 20 லட்சத்தை நெருங்கினால் ஆடிட்டரைப் பாருங்கள். அட்டை இருக்கட்டும். ஆனால் சத்தம் போட்டுத் தொகை சொல்லும் அந்தப் பெட்டிக்கு மாத வாடகை எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று பாஸ்புக்கில் பாருங்கள். 'இலவசம்' என்று சொல்லி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.