குள்ளர்களைத் திட்டிய பாட்டு

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஒன்பது வயது. ‘டாய் ஸ்டோரி’ படத்தின் ‘யூவ் காட் எ ஃப்ரெண்ட் இன் மீ’ பாட்டைக் கேட்காமல் தூங்க மாட்டாள். அதைப் பாடிய ராண்டி நியூமனின் வேறு பாட்டுகளைத் தேடியபோது ‘ஷார்ட் பீப்பிள்’ கிடைத்தது. குள்ளமானவர்கள் வாழவே லாயக்கில்லை என்று குஷியாகப் பாடுகிறார். என் மகள்தான் வகுப்பிலேயே குள்ளம். கிண்டல் செய்கிறார்கள் என்று அழுதுகொண்டு வருகிறாள். இனி இவர் பாட்டை அவளுக்குப் போடலாமா? இவ்வளவு பெரிய நையாண்டிக்காரர் கார்ட்டூன் படங்களுக்குப் போனது சமரசம் இல்லையா?

கே.

அன்புள்ள கே.,

இரண்டாவது கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். சமரசமெல்லாம் இல்லை, அது குடும்பத் தொழில். பெரியப்பா ஆல்ஃபிரட் நியூமன் ஹாலிவுட்டில் இசையமைத்து 9 ஆஸ்கர் வாங்கியவர். ராண்டி 15 முறை பரிந்துரைக்கப்பட்டும் வெறுங்கையோடு திரும்பி, 2002-இல்தான் முதல் ஆஸ்கரைத் தொட்டார். அதுவும் ‘மான்ஸ்டர்ஸ் இன்க்’ என்ற கார்ட்டூன் படத்துக்கு. போதும்.

குள்ளர் பாட்டுக்கு வருவோம். என் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். பள்ளியில் எனக்கு வைத்த பெயர் ‘அரைப்படி’. ஆகவே பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

நீங்கள் பாட்டை முழுதாகக் கேட்கவில்லை. பாதி கேட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டீர்கள். நடுவில் சிலர் சேர்ந்துகொண்டு, குள்ளர்களும் நம்மைப் போலத்தான், மனிதர் எல்லோரும் சகோதரர்கள் என்று தேனாகப் பாடுவார்கள். நியூமனின் ரசிகர்கள் இந்த இடத்தைக் காட்டித்தான் அவரைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. அந்த உபதேசம் முடிந்த கையோடு, எதுவுமே காதில் விழாதவன் மாதிரி நம் ஆள் விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பிக்கிறான் அல்லவா, பாட்டின் உயிர் அங்கே இருக்கிறது. உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருப்பார். எல்லோரும் சமம் என்று சொல்லிப் பாருங்கள், தலையாட்டிவிட்டுத் தொடர்வார்.

1977-இல் வந்த பாட்டு அது. அமெரிக்கத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை போயிற்று. மேரிலாந்தில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் வானொலியில் அதைத் தடைசெய்ய மசோதாவே கொண்டுவரப் பார்த்தார். அவர் செய்த தப்பைத்தான் நீங்களும் செய்கிறீர்கள். பாட்டில் ‘நான்’ என்று வந்தால் பாடுகிறவரின் கழுத்தைப் பிடிப்பது.

இது என்னை ரொம்ப நாளாக அரிக்கும் விஷயம். குறுந்தொகையில் பரத்தை கூற்று எழுதிய ஆலங்குடி வங்கனாரை யாராவது பரத்தை என்று நினைத்தார்களா? ஆனால் நான் ஒருமுறை, மனைவியை அடிக்கிறவன் தன் வாயால் சொல்வதுபோல ஒரு கதை எழுதினேன். அச்சில் வந்த வாரமே மாமியாரின் தங்கை பஸ் பிடித்து வந்து இறங்கினார். என் மனைவியைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டு, காயம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்திருக்கிறார். கிளம்பும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அன்று எனக்கு ஆத்திரம். ஆனால் அந்தக் கதையை அவ்வளவு நம்பிப் படித்தது அவர் ஒருவர்தான்.

நியூமனின் ‘செயில் அவே’ (1972) கேளுங்கள். அடிமை வியாபாரி ஒருவன் ஆப்பிரிக்காவில் நின்று ஆள் பிடிக்கிறான். அமெரிக்காவில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, சிங்கம் புலி கிடையாது, கப்பலில் ஏறு, சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்குப் போகலாம் என்கிறான். சவுக்கு இல்லை, சங்கிலி இல்லை. வயலின்கள் அலையாக எழும்பும்போது நமக்கே ஏறிவிடலாம் என்று தோன்றும். பாவிக்குக் கர்ணகடூரமான மெட்டைப் போட்டிருந்தால் நாம் கரையிலேயே பத்திரமாக நின்றிருப்போம். 1974-இல் வந்த ‘ரெட்னெக்ஸ்’ இன்னும் மோசம். அமெரிக்கத் தென்மாநில இனவெறியன் ஒருவன் பெருமையாகப் பாடுகிறான். வடக்கத்திக்காரர்கள் இளக்காரமாகச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, உங்கள் ஊரில் கறுப்பர்களுக்குச் சுதந்திரம் இருக்கிறதே, கூண்டில் அடைபடுகிற சுதந்திரம் என்று சொல்லி, நியூயார்க்கின் ஹார்லெம், சிகாகோவின் தென்பகுதி, பாஸ்டனின் ராக்ஸ்பரி என்று அங்குள்ள கறுப்பர் சேரிகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறான். சிரித்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சரி, உங்கள் மகள். அவளுக்கு ‘ஷார்ட் பீப்பிள்’ இப்போது வேண்டாம். வகுப்பில் ஒரு பையன் அந்தத் திட்டை மட்டும் பொறுக்கியெடுத்துப் பாடினால், அது நையாண்டி என்று விளக்கி அவள் அழுகையை நிறுத்த முடியாது. அரைப்படிக்குத் தெரியும்.

டாய் ஸ்டோரி பாட்டைத் தாராளமாகப் போடுங்கள். அதிலும் ‘நான்’ நியூமன் இல்லை, ஒரு பொம்மை. அதை மட்டும் உடனே நம்பிவிட்டீர்கள், பாருங்கள். பாதியில் ஓரிடம் வரும். மற்றவர்கள் என்னைவிடப் பெரிய ஆளாக, பலசாலியாக இருக்கலாம், ஆனால் என் அளவுக்கு உன்மேல் பிரியம் வைக்க ஒருத்தராலும் முடியாது என்று அந்தப் பொம்மை சொல்லும். இன்று ராத்திரி அந்த இடம் வந்ததும் நிறுத்தி, அவளுக்குத் தமிழில் சொல்லுங்கள்.